மூன்றாம் கட்டத்தில் சிப்பி ஏன் பிடிக்கவில்லை

சொன்னவன் சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டான். கேட்டவள்தான் பாறைமேல் பென்சிலைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். கில்பர்ட் சிப்பி எடுக்கிறவன், கண்ணாடியும் உளியும் வலைப்பையுமாக வருவான்; முட்டத்துக்குத் தெற்கே இந்தப் பாறைக்குக் கடல் வற்றுகிற நேரம் பார்த்து வருகிறவர்கள் இரண்டே பேர், அவன் வயிற்றுப்பாட்டுக்கு, ஜெசிந்தா கல்லூரி வேலைக்கு. ஆறு வருஷப் பழக்கத்தில் ஏதாவது வம்பு பேசிவிட்டுத்தான் அவன் குதிப்பான். இன்றைக்கும் அப்படித்தான். "யக்கா, ஒங்க ஆராய்ச்சி முடிஞ்சா அந்த ஒண்ணாம் நம்பரு கட்டம் எனக்கு, பாத்துக்கிடுங்க. சிப்பி அடுக்கடுக்கா கெடக்கு. ஆறாம் நம்பரும் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. மூணாம் நம்பர்லதான் ஒரு மண்ணும் கெடைக்காது. அது எப்பிடிக் கெடைக்கும், நீங்கதான் அதுக்க மேல ஏறி இருப்பியல்லா!" "போலேய், காலையிலேயே வாயைப் பாரு" என்றாள் இவள். அவன் சிரித்தான், இவளும் சிரித்தாள். அவன் தலை அலைக்குள் மறைந்து, சிரிப்பு முகத்தை விட்டுப் போய், அடுத்த எண்ணை எழுதக் குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது. டயர் ரப்பர் கட்டிய அவளுடைய இரண்டு முழங்காலும் மூன்றாம் கட்டத்தின்மேல் வைத்த பிரேமுக்கு உள்ளே இருந்தன.

உள்ளேதான் இருந்தன, அதற்கென்ன, எப்போதும் அங்கேதானே இருக்கின்றன என்று முதலில் நினைத்தாள். நினைத்த உடனே அந்த 'எப்போதும்' தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. கல்லூரியில் இந்த ஆராய்ச்சியை நடத்துகிற அம்பிகா மேடத்தின் ஏற்பாடு சின்னப் பிள்ளைக்கும் புரிகிற ஏற்பாடு. பாறையில் ஆறு கட்டம், ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்கு ஒரு முழம், நான்கு மூலையிலும் துருப்பிடிக்காத ஆணி. எண்ணும்போது அதன்மேல் குழாயால் செய்த பிரேமை வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, மூன்று, ஆறு என்ற மூன்று கட்டங்களில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை நத்தையைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும், மற்ற மூன்றையும் அப்படியே விட்டுவிட வேண்டும். நத்தை என்றால் எல்லா நத்தையும் இல்லை, சிப்பியின் ஓட்டில் ஊசித்துளை போட்டு உள்ளே இருப்பதை உறிஞ்சுகிற அந்த ஒரு வகை. பாறையில் எல்லா அடிதடியும் இடத்துக்குத்தான். சிப்பியை அதன் போக்கில் விட்டால் போதும், நூல் நூலாக விட்டுப் பிடித்துக்கொண்டு, ஒன்றின் தோளில் ஒன்று ஏறி, சுண்ணாம்புக் கூடாக ஒட்டிக்கிடக்கும் கொட்டலசை மூடி, பாசியை மூடி, தொப்பி மாதிரி ஒட்டியிருக்கும் சின்ன நத்தைகளை வெளியே தள்ளி, பூ மாதிரி விரிகிற கடல் சாமந்தி ஒளிந்திருக்கும் பள்ளத்தையும் அடைத்துக் கறுப்பாகப் படர்ந்துவிடும். துளைக்கிற நத்தை இருக்கிற இடத்தில் அந்தப் பாச்சா பலிக்காது. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு சிப்பியை அது தின்றுவைக்கும், செத்த ஓட்டை அலை கொண்டுபோகும், காலியான இடத்துக்கு யாராவது குடிவருவார்கள். கொட்டலசு வந்தால் அதன் இடுக்கில் புழு வரும், பாசி வந்தால் மேய்கிறவை வரும், மேய்ந்து வழித்த இடத்தில் மறுபடி கொட்டலசு ஒட்டும். பார்த்தால் திருட்டுமுழி முழிக்கிற அந்த நத்தைதான் இத்தனை பேருக்கும் வீடு பார்த்துக் கொடுக்கிறது என்பதை முதல் வருஷம் மேடம் சொன்னபோது ஜெசிந்தா நம்பவில்லை. நத்தையை வாளியில் போட்டுப் பாறையின் அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாள், அவ்வளவுதான். இரண்டு வருஷத்தில் ஒன்றாம் கட்டத்தில் பதினேழு வகை நான்காகிவிட்டது. ஆறாம் கட்டத்தில் ஐந்து. ஒரே கறுப்பு. மூன்றிலும் அப்படித்தான் வந்தது, கொஞ்சம் மெதுவாக, நான்காம் வருஷம் ஆறு வகைதான் மிச்சம். பிறகு திரும்பியது. நத்தையே இல்லாத இடத்தில், நத்தை இல்லாமலே, சிப்பி பின்வாங்கி, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு என்று ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். எப்போதிருந்து? அதை நினைக்க வேண்டாம் என்று பார்த்தாள். பென்சில் முனையைத் தாளில் வைத்து எடுத்தாள், வைத்து எடுத்தாள், கொட்டலசு எத்தனை என்று எண்ணியது மறந்துபோனது, மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

மேடத்துக்கு அந்த மூன்றாம் கட்டம் என்றால் உயிர். "கடல் நம்மகிட்ட ஒரு ரகசியத்தைச் சொல்ல வருது ஜெசிந்தா" என்று ஒருநாள் லேபில் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்தக் கை வெதுவெதுப்பாக இருந்தது இவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. யாராவது கையைப் பிடித்து நாளாகியிருந்ததால் இருக்கலாம். பாறைக்குள்ளிருந்து நல்லதண்ணீர் கசிகிறது, அது சிப்பிக்கு ஆகவில்லை, அதனால்தான் நத்தை இல்லாவிட்டாலும் மற்றவர்களுக்கு இடம் கிடைக்கிறது என்பது மேடத்தின் முடிவு. இரண்டு தடவை பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பார்த்ததில் உப்பு ஒரு மயிரிழை குறைவாகத்தான் இருந்தது, மழைக்காலத்தில் எங்கே பிடித்தாலும் அப்படி இருக்கும் என்று இவளுக்குத் தோன்றியது, சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு படித்துவிட்டு எண்ணுவதற்கு வந்தவள் சொல்கிற விஷயமா அது. கொச்சியில் நடந்த ஆராய்ச்சிக் கூட்டத்தில் மேடம் அதைப் பேசினார், எழுந்து நின்று கை தட்டினார்களாம். போன வாரம் பணம் கொடுக்கிறவர்களின் கடிதம் வந்துவிட்டது. இன்னும் மூன்று வருஷத்துக்கு வேலை, அதுவும் இந்த ஒரு கட்டத்தை வைத்தே, கசிவு எங்கே இருக்கிறது என்று பாறையைத் துளைத்துப் பார்க்கப் போகிறார்கள். ஆறு வருஷ வேலைக்கு இன்றைக்குக் கடைசி எண்ணிக்கை, அடுத்த மாதம் புதியது தொடங்கும். "ஒங்க பேரும் அதுல இருக்கு" என்றார் மேடம். ஜெசிந்தா அன்று வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தபோது அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. வீட்டில் யாரும் இல்லை. டிவியைப் போட்டு அதன் சத்தத்தில் சோறு வடித்தாள்.

இப்போது ஒரு உளறுவாயன் வந்து ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டான். அவனுக்கு என்ன தெரியும், அவன் பார்ப்பதெல்லாம் சிப்பி இருக்கிறதா இல்லையா என்பதுதான். ஆனால் அவன் அதைத்தானே சொன்னான். சிப்பிக்காரன் சிப்பி இல்லாத இடத்தைப் பார்த்து, ஏன் இல்லை என்று யோசிக்கக்கூட இல்லாமல் சொல்கிறான், ஆள் ஏறி மிதிக்கிற பாறையில் சிப்பி பிடிக்காது என்பது அவனுக்குச் சோறு தின்கிற கைக்கு வாய் தெரிவது மாதிரி. நல்லதண்ணீர் இல்லை. எப்போதிருந்து என்று கேட்டது மறுபடி உள்ளே. சரி, எப்போதிருந்து. ஷர்மி போனதிலிருந்து. ஷர்மி மேடத்திடம் படித்த பெண், இரண்டு பேராகத்தான் பாறைக்குப் போக வேண்டும் என்ற விதிப்படி இவளோடு வந்தவள், வாய் மூடாமல் பேசுவாள், கல்யாணம் ஆகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். "அடுத்த ஆள் வார வரைக்கும் கொஞ்சம் சமாளிச்சுக்கிடுங்க ஜெசிந்தா" என்றார் மேடம். அடுத்த ஆள் வரவில்லை. மேடத்துக்கு மறந்துபோனது, இவள் ஞாபகப்படுத்தவில்லை, ஆள் இல்லாமல் பழகிப்போனவள் ஆள் வேண்டும் என்று கேட்க மாட்டாள். மற்ற ஐந்து கட்டத்தையும் வெளியே இருந்தே எண்ணலாம், தாராளமாக இடம் இருக்கிறது. இந்த மூன்றாம் கட்டத்துக்குத்தான் இடது பக்கம் சுவர் மாதிரிப் பாறை, வலது பக்கம் அலை ஏறி இறங்குகிற பிளவு, கீழே வழுக்குச் சரிவு. அந்தச் சரிவில் நின்றுதான் எண்ண வேண்டும். ஷர்மி மேலே நின்று இவள் கையைப் பிடித்துக்கொள்வாள். தனியாக வந்த இரண்டாவது தடவை, ஐப்பசி மாதம், மேகம் போட்டிருந்த காலை, கால் வழுக்கிப் பிளவுக்குள் போனாள்.

ஒரு கால் முழங்கால் வரைக்கும் இடுக்கில் மாட்டிக்கொண்டது. மணிக்கட்டு மடங்கி, வாளி உருண்டு, பொறுக்கிய நத்தையெல்லாம் தண்ணீரில். வலியைவிட, சத்தம் போடலாமா வேண்டாமா என்ற கூச்சம்தான் முதலில் வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு வெட்கமாக இருக்கிறது. பிறகு கடல் ஏறத் தொடங்கியது. இடுப்பு, வயிறு, நெஞ்சு. அப்போது கூப்பிட்டாள். யாரைக் கூப்பிட்டாள்? பஹ்ரைனில் யாரோ ஒரு முதலாளியின் போட்டில் வலை இழுத்துக்கொண்டிருக்கும் தன் புருஷனை, ததேயுஸை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பூனாவில் கம்பெனியில் இருக்கும் மகன் ஜோபினைக் கூப்பிட்டாள். மாதாவைக் கூப்பிட்டாள். காது கேட்கிற தூரத்தில் இருக்கிற ஒருவர் பெயர்கூட அவளுக்கு வாயில் வரவில்லை. கில்பர்ட் அன்று வரவில்லை, வந்திருந்தாலும் அவன் பெயர் வந்திருக்குமா என்று தெரியாது. கடைசியில் ஒரு பெரிய அலைதான் தூக்கிவிட்டது, அடிக்க வந்த அலையோ எடுக்க வந்த அலையோ, கால் கழன்றது. வீட்டுக்குப் போய்க் குளித்து, துணியைக் காயப்போட்டு, ஒற்றைக் கையால் அரிசி களைந்தாள். ஞாயிற்றுக்கிழமை ததேயுஸ் கூப்பிட்டான். "சாப்பிட்டியா?" "ஆமா." "ஜோபின் பேசினானா?" "பேசினான்." "வேற என்ன விசேஷம்?" "வேற ஒண்ணுமில்ல." அவனைச் சொல்லிக் குற்றமில்லை, ஒன்பது வருஷமாக ஒரே கேள்வி கேட்கிறவனுக்கு ஒன்பது வருஷமாக ஒரே பதில் சொல்கிறவள் அவள்தான். மணிக்கட்டை அவனிடம் சொல்லவில்லை, மேடத்திடம் சொல்லவில்லை, சொன்னால் தனியாகப் போக வேண்டாம் என்று வேலையை நிறுத்திவிடுவார்கள் என்று பயம். பதினைந்து நாளைக்கு ஒருமுறையாவது ஆறு மணிக்கு எழுந்து போவதற்கு இந்தப் பாறை இல்லாவிட்டால் எழுந்து என்ன செய்வது என்கிற பயம் அது.

அதற்கு அடுத்த தடவைதான் உள்ளே மண்டியிட்டாள். இந்த ஒரு தடவை மட்டும் என்று சொல்லிக்கொண்டாள், அதுவும் நினைவிருக்கிறது. சரிவில் கால் வைக்காமல் பிரேமின் கீழ்மூலைக்குள் ஒரு முழங்காலை வைத்தாள், பிறகு மற்றதை, வாளியைப் பக்கத்தில் வைத்தாள். சின்னச் சிப்பிகள் ரப்பருக்கு அடியில் நறநறவென்றன. பாவமாக இருந்தது, ஆனால் உடம்பு ஆடவில்லை. இருபது மாதம், பதினைந்து நாளைக்கு ஒருமுறை, முக்கால் மணி நேரம். எழுந்திருக்கும்போது கையை ஊன்றுகிற இடம், வாளி உரசுகிற இடம், காலை மாற்றி வைக்கிற இடம். நாற்பது தடவை. எந்த இளஞ்சிப்பி பிடித்து வளரும் அங்கே. அவள் முழங்காலை மெல்ல எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கையளவு இரண்டு வழித்த இடம், வெளிறிய பாறை. அதைச் சுற்றி ஒரு விளிம்பாகப் புதுக் கொட்டலசு, அரிசி மாதிரி. அதற்கு அப்பால் சிவப்புப் பாசி. வாளி வைக்கிற இடத்துப் பள்ளத்தில் கடல் சாமந்தி ஒன்று, சுருக்குப்பை மாதிரி வாயை மூடிக்கொண்டு. தொப்பி நத்தைகள் மூன்று, அவள் கை ஊன்றுகிற தடத்தின் ஓரமாகவே வரிசையாக உட்கார்ந்திருந்தன. சிப்பி ஓரத்துக்கு ஒதுங்கி நின்றது. பிளவுப் பக்கத்து விளிம்பில், அவள் பயந்து ஒருநாளும் கை வைக்காத இடத்தில், மட்டும் அது கறுப்பாக, தடிப்பாக, ஒன்றாம் கட்டம் மாதிரியே இருந்தது. இத்தனை நாளும் இதைப் பார்த்து எண்ணி எழுதினவள் அவள்தான். எண்ணத் தெரிந்தது, பார்க்கத் தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் தன்னுடைய உடம்பின் படமே வரைந்து கிடந்தது.

அவளுக்கு அழுகை வர வேண்டும். வந்தது வேறு. சந்தோஷம்தான் அது, வேறு பெயர் வைத்து ஏமாற்றுவானேன். வீட்டில் அவள் காலையில் வைத்த டம்ளர் மாலையிலும் வைத்த இடத்திலேயே இருக்கும். தலையணையில் ஒரு பக்கம்தான் பள்ளம். ஜோபினின் அறையில் போன கிறிஸ்துமஸுக்கு விரித்த விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. தான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு பொருளும் நகராத வீடு அது, நாள் முழுக்க அதற்குள் நடந்து நடந்து தான் இருக்கிறோமா என்றே சந்தேகம் வந்துவிடும். இங்கே என்னடாவென்றால் அவளுடைய பயத்தை நம்பிப் பத்துப் பேர் குடியிருக்கிறார்கள். வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. அட, நத்தை வேலையையல்லவா பார்த்திருக்கிறோம். நத்தையைப் பொறுக்கி வெளியே போட்டுவிட்டு அந்த இடத்தில் தானே ஏறி உட்கார்ந்திருக்கிறோம். பிறகு சிரிப்பு போய்விட்டது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாள். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. கில்பர்ட் எந்த மேடத்திடம் போய்ப் பேசப்போகிறான். அடுத்த மாதம் மறுபடி வரலாம், மூன்று வருஷம் வரலாம். ஆனால் வந்தால் உள்ளே மண்டியிட்டுத்தான் ஆக வேண்டும். வெளியே போனால் ஒரே வருஷத்தில் சிப்பி மூடிவிடும், கசிவு என்று சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். மேடம் பாறையைத் துளைக்கத் துளைக்க, இவள் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து அந்த ரகசியத்தை முழங்காலால் தேய்த்துப் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும். சொன்னால்? சொன்னால் மூன்றாம் கட்டம் கணக்கில் இல்லை, மூன்றாம் கட்டம் இல்லாவிட்டால் மூன்று வருஷம் இல்லை, இந்தப் பாறை இல்லை, ஆறு மணி இல்லை. கடல் வற்றுகிற நாளிலும் இனிக் காலையில் கண் விழித்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது தெரிந்தது. விட்டத்தில் பல்லிகூட இல்லாத வீடு.  மறுபடி எண்ணத் தொடங்கினாள், கை தன்பாட்டுக்கு எழுதியது, கொட்டலசு, பாசி மூன்று விதம், தொப்பி நத்தை, புழுக்கூடு, சாமந்தி, பாறை நண்டின் குஞ்சு, எல்லாம் சேர்த்துப் பதினான்கு வகை. திரும்பத் தொடங்கிய பிறகு வந்ததிலேயே அதிகம். கூட்டிய இடத்தில் பதினான்கு என்று எழுதினாள். கீழே 'குறிப்பு' என்ற இடம் காலியாக இருந்தது.

போன் அடித்தது, அம்பிகா மேடம்தான். "ஜெசிந்தா, முடிஞ்சுதா? மூணாம் கட்டம் எவ்வளவு?" "பதினாலு மேடம்." "பதினாலா! நான் சொன்னேன்லா!" அந்தக் குரலில் இருந்த குதூகலத்தைக் கேட்க ஜெசிந்தாவுக்குத் தாங்கவில்லை, அந்தக் குரலை அவளுக்குப் பிடிக்கும், காலையில் தன் பெயரைச் சொல்லுகிற ஒரே குரல் அது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அது இன்னும் மூன்று வருஷம் கேட்கும். "மேடம், நான் உள்ளதான் முட்டுக்குத்தி இருந்தேன்" என்றாள். "என்ன?" "பிரேமுக்குள்ள. ரெண்டு வருசமாட்டு. வெளிய நின்னா வழுக்குது, ஷர்மி இருக்கயில கையப் பிடிச்சுக்கிடுவா. ஒருநா விழுந்திட்டேன், பெறவு பயமாட்டு இருந்து. எனக்க முட்டுதான் மேடம் சிப்பிய வளர விடல்ல. நல்லதண்ணி ஒண்ணும் இல்ல."  பிளவுக்குள் அலை ஏறுகிற ஓசையும், தூரத்தில் கில்பர்ட் மூச்செடுக்க மேலே வந்து தண்ணீர் துப்புவதும் கேட்டன. "விழுந்தீங்களா? சொல்லவே இல்லையே" என்றார் மேடம், பிறகு உடனே, வேறு குரலில், "செரி, இதை நேர்ல பேசிக்கிடலாம். ஷீட்ல ஒண்ணும் எழுதாண்டாம். கேக்குதா? நீங்க அங்க நின்னது யாருக்கும் ஒரு பொருட்டில்ல ஜெசிந்தா, அதெல்லாம் கணக்குல வராது. எழுதாதீங்க." ஜெசிந்தா தாளைப் பார்த்தாள். குறிப்பு என்ற இடம் அப்படியே வெள்ளையாக இருந்தது.

"எழுதியாச்சு மேடம்" என்றாள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, தண்ணீரில் அழியாத அந்தப் பென்சிலை எடுத்து, எழுதத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. எண்ண வந்தவள் இருபது மாதமாகக் கட்டத்துக்குள் மண்டியிட்டாள், தனியாக வந்தாள் என்று எழுதி, முழங்காலும் கையும் வாளியும் பட்ட இடங்கள் இவை என்று ஒரு சின்னப் படமும் போட்டாள். அழுதுகொண்டேதான் எழுதினாள், மூக்கைத் துடைக்கக் கை ஒழியவில்லை. பிறகு மேலே, மொத்த வகைகள் என்ற இடத்தில் இருந்த பதினான்கை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் பதினைந்து என்று எழுதினாள்.